பதினெட்டாவது பொட்டலம்

செத்துப்போனதாக ஊரே ஒப்புக்கொண்ட ஓர் ஆள் சாகவில்லை என்று நிரூபிக்க இன்னும் இருபது மணி நேரம்தான் இருந்தது. அந்த இருபதில் முழுசாக அரை மணி நேரத்தைக் கிருத்திகா மீன் பார்த்தே தீர்த்துவிட்டாள்.

சென்றாயனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்போது கிருத்திகாவுக்குக் கார் ஓட்டினாலும், இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டிய உடம்பு. ஒரு இடத்தில் உட்கார் என்றால் கேட்குமா? சேலம் நாலு ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருந்த அவளுடைய துப்பறியும் ஆபீஸில், ஜன்னலுக்கும் கதவுக்குமாக ஏழெட்டு நடை நடந்துவிட்டார். கார் சாவி அவர் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அம்மணி, மீனெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கிலோ என்ன வெலைன்னு கேட்டுட்டுக் கெளம்பலாமுங்களா?"

கிருத்திகா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முப்பத்தாறு வயசு. மாப்பிள்ளை குடிக்கிறாரா, சம்பளம் சொன்ன அளவுதானா என்று கல்யாணத்துக்கு முன்னால் விசாரித்துச் சொல்லும் வேலையில்தான் அவள் பேர் வாங்கியிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கச் சொல்லி ஒருத்தி வந்தது இதுதான் முதல் தடவை.

அந்த ஒருத்தி எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பேர் தனப்பிரியா, ஊர் பரமத்தி வேலூர். புருஷன் கலையரசன் கோழித் தீவன டீலர். அதிகம் மூட்டை விற்ற டீலர்களைத் தீவனக் கம்பெனி வருஷா வருஷம் டூர் கூட்டிப்போகும். இந்த வருஷம் லட்சத்தீவுப் பக்கம் ஒரு சின்னத் தீவு. போனவர்கள் பதினெட்டுப் பேர்.

மூன்றாம் நாள் ஸ்நார்க்கலிங் என்று அழைத்துப் போயிருக்கிறார்கள். தீவைச் சுற்றிப் பவளப்பாறை வேலி போட்டிருக்க, உள்ளே ஏரியாட்டம் அடங்கிக் கிடக்கும் கடல். முகத்தில் கண்ணாடி மாஸ்க், வாயில் மூச்சுக்குழாய், உடம்பில் ஆரஞ்சு ஜாக்கெட். குப்புற மிதந்துகொண்டு மீனையும் பாறையையும் பார்க்க வேண்டும்; கூடவே ஒரு கைடு. காலை ஒன்பது மணிக்கு இரண்டு படகில் கிளம்பி மூன்று இடத்தில் இறங்கினார்கள். மதியம் மூன்று மணிக்கு, கடைசி இடத்தில், கைடு மாஸ்க்குகளை எண்ணி வாங்கினான். பதினேழுதான் வந்தது. பதினொன்றாம் நம்பர் மாஸ்க் இல்லை. அது கலையரசனுக்குக் கொடுத்தது. கடல் உள்ளே வந்து போக அந்தப் பாறை வேலியில் ஒரே ஒரு வாய் உண்டு. அதற்குப் பக்கத்தில் ஆரஞ்சு ஜாக்கெட் ஒன்று மட்டும் ஆளில்லாமல் மிதந்தது.

ஐந்து நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. இன்றைக்குப் பதினைந்தாம் நாள். நாளைக் காலை ஆறு மணிக்கு வேலூர்க் காவிரிக்கரையில், தர்ப்பையில் ஒரு பொம்மை செய்து வைத்துக் காரியம். அங்கேயே தனப்பிரியாவின் தாலியையும் கழற்றிவிடுவார்கள்.

"எங்கண்ணன் கோடிச் சேலை எடுத்துட்டு வந்துட்டான்க்கா," என்றாள் தனப்பிரியா. அழுது தீர்ந்துபோன குரல் அது. "எங்க மாமனாரு சின்னுசாமி ஒரு சொல்லுச் சொன்னா வேலூர்ல மறு பேச்சுக் கெடையாது. அவரே விடியறதுக்கு முந்தி ஆத்துக்குப் போயிரணும்னுட்டாரு. செத்தாரா இல்லையான்னே தெரியாம நான் எப்படிக்கா தாலியக் கழட்டறது? ஒருவேளை எங்காச்சும் ஆஸ்பத்திரில நெனவில்லாமக் கெடந்தா? நாளன்னைக்கு வந்து, ஏம் புள்ள கழட்டுனேன்னு கேட்டா, நான் என்னங்க்கா பதில் சொல்லுவேன்?"

சென்றாயனின் நடை நின்றுவிட்டது. பாவம், இந்தப் பிள்ளைக்காகவாவது அந்த ஆள் எங்காவது ஒரு கட்டிலில் கிடக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

"நேத்துப் பூரா அந்தப் பதினேழு பேருக்கும் போன் போட்டேன்," என்றாள் கிருத்திகா. "பதினேழு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. 'நான்தான் கடைசியாப் பாத்தேன், கை காட்டினான், கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்'னு."

"எளவு ஊட்டுல அது வழக்கந்தானுங்களே அம்மணி? செத்தவன் கடைசியாத் தங்கிட்டத்தான் பேசுனான்னு சொல்லாத சொந்தக்காரன் எங்க இருக்கான்? எங்க பெரியப்பன் செத்தப்ப ஒம்பது பேருகிட்டக் கடைசியாத் தண்ணி வாங்கிக் குடிச்சிருந்தாரு."

"அதேதான். ஆனா அந்தப் பதினேழுல ஒருத்தர்கூட அன்னைக்கு அவர் மொகத்தைப் பாக்கல. மாஸ்க்கைத்தான் பாத்திருக்காங்க. மாஸ்க் போட்டுக் குழாயக் கவ்வுனா நீங்களும் கலையரசன்தான், நானும் கலையரசன்தான்."

சென்றாயன் தன் மீசையைத் தடவிக்கொண்டார். "உங்களுக்கு மீசை பத்தாதுங்களே."

கிருத்திகா கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். கைடு தண்ணீருக்கடியில் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிய வீடியோ. நேரம் பன்னிரண்டே கால். மேலே படகின் அடிப்பாகம் கருப்பாகத் தெரிந்தது. திடீரென்று படகின் அந்தப் பக்கமாக ஏதோ விழ, நீலமும் மஞ்சளுமாக நூறு மீன் பாய்ந்து வந்தது. ஒரு வாழையிலை விரிந்தது. புளிசாதம் கரைந்தது. அதன் நடுவிலிருந்து வெள்ளையாக இரண்டு உருண்டை மெதுவாக இறங்கி வர, ஒரு மீன் அதை மூக்கால் முட்டி முட்டிப் பார்த்தது.

"என்ன அது?" என்றாள் கிருத்திகா.

"அவிச்ச முட்டை! முழுசு. ரெண்டு."

"இப்ப நீங்க சொல்லுங்கண்ணா. படகு பூரா கோழித் தீவனக்காரங்க. நாமக்கல்காரன் ரெண்டு முழு முட்டையத் தூக்கி மீனுக்குப் போடுவானா?"

சென்றாயன் கார் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினார். "சான்சே இல்லீங்க. ஒடைஞ்ச முட்டையவே தனியா எடுத்துட்டுப் போயி ஊட்டுல பொரிச்சுத் திங்கற ஆளுங்க. தனக்கு வேண்டாம்னாப் பக்கத்துல இருக்கறவன் எலையில வெப்பான். அவனும் வேண்டாம்னா மடியில கட்டி ரூமுக்குக் கொண்டு போவான்."

"அப்ப இதைப் போட்டவன் வேண்டாம்னு போடல. யாரும் பாக்கறதுக்குள்ள ஒழிச்சுக் கட்டணும்னு போட்டிருக்கான். அந்தப் பொட்டலத்தைத் தின்ன ஆளில்ல." கிருத்திகா எழுந்துவிட்டாள். "இது மதியம் பன்னெண்டே கால். மூணு மணிக்குக் காணாமப் போன மனுசன் பன்னெண்டே காலுக்கு எங்க போனாரு? பொட்டலம் கட்டினது யாருங்க பிரியா?"

"ஜானகியம்மாங்க்கா. புதுச்சத்திரத்துல தீவனக் கடை வெச்சிருக்காங்க."

சென்றாயன் ஏற்கெனவே பாதிப் படி இறங்கியிருந்தார்.

◆

புதுச்சத்திரத்தில் ஜானகியம்மாள் கடை ஹைவேக்கு உள்ளே ஒரு பர்லாங். அறுபது வயசிலும் மூட்டையைத் தானே நகர்த்திப் போடுகிற பொம்பளை. தனப்பிரியாவைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார். அழுது முடித்த கையோடு மூன்று பேருக்கும் மோர் கொண்டுவரச் சொன்னார். கிருத்திகா மோரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"படகுல சாப்பாடு நீங்கதான் கட்டுனீங்களாமுங்க?"

"பின்ன? அவிய போடற தேங்காயெண்ணெய்ச் சாப்பாடு நம்மாளுங்களுக்கு எறங்குமா கண்ணு? புளிக்காய்ச்சல் ஊட்டுல இருந்தே கொண்டுபோயிட்டேன். அங்க சோறு மட்டும் வடிச்சுக் குடுத்தாங்க. ஆளுக்கொரு பொட்டலம், பொட்டலத்துக்கு ரெண்டு முட்டை. முட்டையில்லாம நம்ம சனம் சோறு திங்குமா?"

"எத்தனை பொட்டலம்?"

"பதினெட்டு. ஒண்ணு கொறையல, ஒண்ணு மீறல. நான் கட்டுனா அப்படித்தான். மணல் திட்டுல எறங்கித் திங்கலாம்னு சொன்னானுங்க. போய்ப் பாத்தா அலை ஏறித் திட்டே முழுகிக் கெடக்குது. அப்புறம் படகுலயே குடுத்தோம். நான் மொதப் படகு. ஒம்பது பொட்டலத்தை அடுத்த படகுக்கு எட்டிக் குடுத்தேன்."

"கலையரசன் எந்தப் படகு?"

"ரெண்டாவது."

"பாத்தீங்களா?"

ஜானகியம்மாள் நெற்றியில் விரலை வைத்துக்கொண்டார். "இரு கண்ணு. எங்க கலையக் காணோமேன்னு நான் கேட்டேன். கோகுல்ராஜ்தான் சொன்னான். 'அவன் அக்கட்டால, அந்தப் பக்கமா உக்காந்திருக்கான், கொமட்டுதுங்கறான், அவன் பொட்டலத்தையும் எங்கிட்டக் குடுங்க'ன்னு. அவனுங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துல இருந்தே சிநேகம். சரின்னு குடுத்தேன்."

"ரெண்டாவது படகுல வேற யாரு?"

"ராசிபுரத்துத் தனசேகரு இருந்தான்."

கிருத்திகா தனசேகருக்குப் போனைப் போட்டு எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். ஒரே கேள்விதான் கேட்டாள்: கலையரசன் எந்தப் படகில் வந்தார்?

"மொதப் படகுங்க," என்றார் தனசேகர் அந்தப் பக்கமிருந்து, கொஞ்சமும் யோசிக்காமல். "ஜானகியக்காகூட வந்தாரு. கோகுல்தான் சொன்னாப்ல."

"அடப் பாவி!" ஜானகியம்மாள் போனைப் பிடுங்கிவிட்டார். "எங்கூட எங்கடா வந்தான்? உங்கூடத்தானடா வந்தான்! கை காட்டுனான், கும்பிட்டான்னு எளவு ஊட்டுல ஒரு மணி நேரம் அளந்தியே, மனுசனைப் பாத்தியா நீயி?"

"நீங்களும்தானக்கா அளந்தீங்க?" என்று போன் திருப்பிக் கேட்டது. ஜானகியம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. போனைக் கிருத்திகாவிடம் நீட்டினார்.

மொதப் படகுக்காரர்கள் ரெண்டாவதில் இருக்கிறார் என்று நினைத்தார்கள். ரெண்டாவது படகுக்காரர்கள் மொதலில் இருக்கிறார் என்று நினைத்தார்கள். ரெண்டு பக்கமும் அந்த நினைப்பை ஊட்டிவிட்டது ஒரே ஆள். கிருத்திகா வெளியே போய் கைடுக்கு ஒரு போன் பேசினாள். தீவிலிருந்து பெரிய தீவுக்குப் போகும் பயணிகள் படகில், அன்றைக்குக் காலை யார் யார் ஏறினார்கள் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா? பாவம், அந்தக் கைடுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லையாம். ஓடிப்போய்க் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

அவன் திரும்பக் கூப்பிடுவதற்குள் சென்றாயன் கோகுல்ராஜின் பண்ணையைப் பார்த்துக் காரை விட்டு ராசிபுரத்தைத் தாண்டிவிட்டார்.

"ஆறரை மணிப் படகு," என்று போனைக் காதில் வைத்தபடியே சொன்னாள் கிருத்திகா. "பேரையே மாத்தல. கலையரசன், பரமத்தி வேலூர், ஒரு டிக்கெட். யாருமே அந்தப் பட்டியலப் பாக்கலீங்க. ஏன் பாக்கணும்? மதியம் வரைக்கும் அவரு கடல்ல மெதந்ததைத்தான் பதினேழு பேரு பாத்தாங்களே. மாஸ்க்கையும் ஜாக்கெட்டையும் அவர் பேருல வாங்கி, கடைசியாத் தண்ணியில விட்டதெல்லாம் கோகுல்ராஜ் வேலை."

சென்றாயன் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். தனப்பிரியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

"உசுரோட இருக்காருங்களா?"

"கடல்ல சாகலீங்க. அது மட்டும் நிச்சயம்," என்றாள் கிருத்திகா.

"சாமி! என் சாமி!" கும்பிட்டாள், சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். மாமனாருக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தாள். எடுத்தவள் கை அப்படியே நின்றது.

வையப்பமலை வரும் வரைக்கும் ஜன்னலை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"பதினஞ்சு நாளாச்சே. எனக்கு ஏங்க்கா ஒரு போன் பண்ணல?"

எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கும் சென்றாயன் அந்தக் கேள்விக்கு ஆக்ஸிலேட்டரைத்தான் மிதித்தார்.

◆

கோகுல்ராஜின் கோழிப்பண்ணை மல்லசமுத்திரத்துக்கு அந்தாண்டை, மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர். போனில் கேட்டபோது, நான் ஊரிலேயே இல்லை என்று சத்தியம் பண்ணியிருந்தார். அவருடைய பைக் கேட்டுக்கு உள்ளே நின்றது.

கேட்டில் பெரிய போர்டு ஒன்று புத்தம் புதுசாகத் தொங்கியது. 'நோய்த் தடுப்பு நடவடிக்கை. வெளியாட்கள் உள்ளே வர அனுமதி இல்லை.' கீழே ஒரு ஸ்டூல் போட்டுக் காவலுக்கு ஆத்தாயி என்ற பொம்பளை உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போவக்கூடாதுங்க. கோழிக்குச் சீக்கு," என்றார் ஆத்தாயி. "வேலையாளுங்களையே ரெண்டு வாரமா ஷெட்டோட நிறுத்திட்டாரு மொதலாளி. குடோன் பக்கம் ஒருத்தரும் போறதில்ல."

சென்றாயன் கேட்டுக் கம்பியில் சாய்ந்துகொண்டார். ஒளிந்துகொள்ள இந்த ஜில்லாவில் இதைவிட நல்ல இடம் இருக்கிறதா என்ன? சொந்தக்காரன் வரமாட்டான், கடன் கேட்பவன்கூட வரமாட்டான். கோழிக்குச் சீக்கு என்று ஒரு போர்டு போட்டால் எமனே குளித்துவிட்டுத்தான் வரவேண்டும்.

"அம்மணி, சுவரேறிக் குதிக்கட்டுங்களா? முட்டி தாங்காது, இருந்தாலும் பாக்கறேன்."

"அவசியமில்லண்ணா. அங்க பாருங்க."

உள்ளேயிருந்து ஒரு வேன் வந்தது. பின்னால் ஆளுயரத்துக்கு முட்டை அட்டைகள் அடுக்கிக் கயிறு கட்டியிருந்தது. ஆத்தாயி எழுந்து கேட்டைத் திறந்துவிட்டார். வேன் சாவகாசமாகத் திருச்செங்கோட்டுப் பக்கம் திரும்பிப் போனது.

கிருத்திகா சிரித்தே விட்டாள். "ஆத்தாயிக்கா, உங்க மொதலாளிகிட்டப் போயி ஒரு வார்த்தை சொல்லுங்க. ரெண்டு வாரமாப் பண்ணையில சீக்கு, ஆனா முட்டை வெளிய போயிட்டிருக்குது. நான் இப்பவே கால்நடைத் துறைக்குப் போன் பண்றேன். நெசமாச் சீக்குன்னா அவங்க வந்து அத்தனை கோழியையும் குழி தோண்டிப் பொதைச்சிருவாங்க. பொய்யின்னா, மொதலாளியவே வந்து கேட்டைத் தொறக்கச் சொல்லுங்க. அஞ்சு நிமிசம் தாரேன்."

அஞ்சு நிமிஷம் எதற்கு? இரண்டே நிமிஷத்தில் கோகுல்ராஜ் ஓடி வந்தார். செருப்பு ஒரு காலில் இருந்தது, ஒரு காலில் இல்லை. கடல் வெயிலில் உரிந்த மூக்குத்தோல் இன்னும் ஆறவில்லை.

"மேடம், போனக் கீழ வைங்க மேடம்! நாப்பதாயிரம் கோழிங்க! சீக்குமில்ல ஒரு மண்ணுமில்ல, நல்லாத் திங்குதுங்க, நல்லா இடுதுங்க. சாமி சத்தியமா…" என்றவர் காருக்குள் பார்த்துவிட்டார். தனப்பிரியா கதவைத் திறந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"கோகுலண்ணா," என்றாள் அவள். "ஊருக்குத் திரும்புனதுல இருந்து தெனமும் எங்க ஊட்டுக்கு வந்து எம் பக்கத்துல உக்காந்து அழுதீங்களே."

கோகுல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டார். எல்லாரும் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் கால் நனைத்து உள்ளே போனார்கள். சென்றாயனுக்குக் கணுக்கால் வரைக்கும் ஊதா ஏறிவிட்டது. வேறு நேரமாக இருந்தால் அதற்கு ஒரு கிண்டல் வைத்திருப்பார்.

◆

தீவனக் குடோனுக்குப் பின்னால் ஒரு ரூம். உள்ளே ஃபேன் ஓடியது. கட்டிலில் படுத்துக் கலையரசன் செல்போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வாசலில் நிழல் விழுந்ததும் திரும்பினான். சிரிப்பு அப்படியே முகத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. நல்ல நிறம், தேய்த்து மடித்த வேட்டி. கடலில் காணாமல் போன பதினைந்து நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தான்.

தனப்பிரியா ஓடிப் போய் அவன் தோளைத் தொட்டாள். கன்னத்தைத் தொட்டாள். அது தன் புருஷன்தான் என்று கைக்கு நிச்சயமான பிறகுதான் கையை எடுத்தாள்.

"ஏனுங்க," என்றாள். "என்னங்க இது?"

கலையரசன் கோகுல்ராஜைப் பார்த்தான். கோகுல்ராஜ் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவனே பேச வேண்டியதாயிற்று.

"உக்காரு பிரியா. பொறுமையாக் கேளு. ஓசூர்ல ஒரு பொண்ணு… ரெண்டு வருசமாப் பழக்கம். விட முடியல. உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ ஒத்துக்கிட்டாலும் அப்பாகிட்ட டைவர்ஸுன்னு வாயத் தொறக்க முடியுமா? அதான் யோசிச்சுப் பாத்தேன். நான் வுட்டுட்டுப் போயிட்டேன்னா உன்னை ஊரே கேவலமாப் பேசும். புருசன்கூட வாழத் தெரியாதவம்பாங்க. கடல்ல செத்துட்டேன்னா? பாவம்னு சொல்லி ஆளாளுக்குத் தாங்குவாங்க. அப்பாவும் உன்னை மகளாட்டப் பாத்துக்குவாரு. உன் நல்லதுக்கும் சேத்துத்தான் பிரியா இத்தனை ஏற்பாடும்."

சென்றாயன் ஐம்பத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறார். செக்போஸ்ட்டில் பார்த்திருக்கிறார், லோடு ஏற்றுகிற இடத்தில் பார்த்திருக்கிறார். தான் செய்த அயோக்கியத்தனத்தை உபகாரமாக எடுத்து இலையில் வைக்கிற ஒருத்தனை இன்றைக்குத்தான் பார்க்கிறார். கை துறுதுறுத்தது. இது தன் சண்டையில்லை என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நாளைக்கு ஆத்துல என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமுங்களா?" என்று கேட்டாள் தனப்பிரியா. குரல் ஏறவே இல்லை.

"தெரியும். ஒரு நாள் சங்கடந்தான். பல்லக் கடிச்சுக்கிட்டா…"

"பதினஞ்சு நாளா வாரவங்க போறவங்க பூரா எங் கழுத்தத்தான் பாக்கறாங்க. இன்னும் எத்தனை நாளைக்குன்னு பாக்கறாங்க. உங்க அக்காவே எங்கிட்டக் கேட்டாங்க, வளையல் எத்தனை சோடி இருக்குதுன்னு. நீங்க ஆஸ்பத்திரில கெடப்பீங்க, என்னைத் தேடுவீங்கன்னு நெனச்சுத்தான் நான் அத்தனை பேருகிட்டயும் சண்டை போட்டுட்டிருந்தேன்." மூச்சு வாங்கினாள். "நான் உங்களுக்காகச் சண்டை போட்டேனுங்க."

கலையரசன் செல்போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினான்.

கிருத்திகா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "பிரியா, இதோட என் வேலை முடிஞ்சுது. நான் வேலூர் ஸ்டேஷனுக்குச் சொல்லணும். உங்க மாமனாருக்கும் இப்பவே போன் பண்ணிருவோம், காரியத்தை நிறுத்திருவாங்க."

"வேண்டாங்க்கா."

"என்னது?"

"ஸ்டேஷனுக்குச் சொல்லுங்க. அவங்களையும் காலைல ஆறு மணிக்கு ஆத்தங்கரைக்கே வரச் சொல்லுங்க. எங்க மாமனாருக்கு மட்டும் சொல்ல வேண்டாம். எதையும் நிறுத்த வேண்டாம்."

"உசுரோட இருக்கறவருக்குக் காரியமா?"

"காரியம் யாருக்குங்க்கா வேணும்? எனக்குக் கூட்டம் வேணும்." தனப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாமக்கல்ல இருந்து கரூர் வரைக்கும் இருக்கற சொந்தம் பூரா நாளைக்கு அங்க வருது. இவரும் வரட்டும். எந்தாலிய ஒருத்தரும் தொட வேண்டாம். அத்தனை பேரு முன்னால நானே கழட்டி இவரு உள்ளங்கையில வெக்கறேன். தாலியறுத்தவன்னு என்னை ஒரு நாக்கும் சொல்லக்கூடாது. வேண்டாம்னு திருப்பிக் குடுத்தவன்னு சொல்லட்டும்."

கிருத்திகா ஒரு நொடி அவளையே பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வேலூர் ஸ்டேஷன் நம்பரைத் தேடினாள்.

கலையரசனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. கட்டிலிலிருந்து சறுக்கி எழுந்தான். கோகுல்ராஜ் கையைப் பிடித்தான், அவர் உதறிவிட்டார். சென்றாயன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் தனப்பிரியா பக்கம் திரும்பினான். கை தானாகக் கும்பிட்டுவிட்டது.

"பிரியா, உங்கால்ல வேணும்னாலும் உழறேன். அங்க மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போயிராத. அப்பா என்னை அங்கயே கொன்னு போட்டுருவாரு!"

தனப்பிரியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பதினைந்து நாளில் முதல் தடவையாக அவள் முகம் நிதானத்துக்கு வந்திருந்தது.

"போட்டா என்னங்க? பொம்மைக்குப் பண்றதை ஆளுக்கே பண்ணிட்டுப் போறாங்க. எல்லா ஏற்பாடும் அங்க தயாராத்தான் இருக்குது."

சென்றாயன் காரை எடுத்து வரப் போனார்.